வழித்துத் தள்ளிய பனி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பராமரிப்பு இல்லத்தில் கணவன் வெர்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய லோர்னா, வண்டியை நிறுத்துவதற்கு முன்பே பார்த்துவிட்டாள். புது வீடு வரப்போகிற இடத்தில் பனி இல்லை.

பாதையில் மட்டும் தள்ளியிருந்தால் சரி. கராஜ் வாசலில் தள்ளியிருந்தாலும் சரி. இது அதையெல்லாம் தாண்டி, கீழ்ச் சரிவில். முழங்காலுக்கு மேல் கிடந்த பனியை யாரோ தரை வரை வழித்திருந்தார்கள். பனிக்கு அடியில் அவள் இலையுதிர் காலத்தில் தன் கையால் பரப்பியிருந்த வைக்கோலும் போய்விட்டது. இரண்டும் கலந்து பள்ளத்தோரம் குவிந்து கிடந்தன. நடுவில் சரளைத்தளம் மட்டும் துடைத்த மேசை மாதிரி வெறிச்சென்று இருந்தது. நான்கு மூலையிலும் மேஸ்திரி மெர்ல் அடித்துவிட்டுப் போன குறிக்கட்டைகளைப் பிடுங்கி, ஒன்றாகக் கட்டி, கராஜ் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வேலை அவ்வளவு சுத்தம்.

சுத்தத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. ரோலி. வெர்னின் தம்பி. அண்ணன் தம்பி பேசிக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது.

வெர்னுக்கு ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. பழைய வீட்டுக்குள் சக்கர நாற்காலி போகாது. வாசலில் படி, கதவெல்லாம் குறுகல், கழிவறை மாடியில். பராமரிப்பு இல்லத்திலிருந்து வந்த பெண் அளவு நாடாவை விரித்துப் பார்த்தாள், சுருட்டினாள், காப்பி குடித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் லோர்னா புது வீட்டுக்கு ஏற்பாடு செய்தாள். படி இல்லாத வீடு. ஆலையில் செய்து, இரண்டு பாதியாக லாரியில் கொண்டுவந்து, கான்கிரீட் தளத்தின் மேல் உட்கார வைக்கிற வீடு. மார்ச்சில் உறைந்த பாதை இளகத் தொடங்கினால் சாலைத் துறைக்காரர்கள் கனரக வண்டிகளுக்குத் தடை போட்டுவிடுவார்கள். பிறகு கோடையில்தான் திறப்பார்கள். ஆகவே பிப்ரவரி கடைசியில் வீடு வந்தாக வேண்டும். அதற்கு ஜனவரிக்குள் தளம் ஊற்றியாக வேண்டும்.

ஈஸ்டர் வரை வெர்னைப் பயிற்சிப் பிரிவில் வைத்துக்கொள்வார்கள். அதற்குள் வீடு இருந்தால் வீடு. இல்லையென்றால் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெடுநாள் பிரிவு. அங்கே போனவர்கள் ஒரே வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். வெர்னுக்கு அது நன்றாகத் தெரியும். அவனுக்குப் பாதி வாய்தான் வேலை செய்தது. அந்தப் பாதி வாயால் தினமும் ஒரே கேள்வி கேட்பான்.

"வீடு... எப்ப?"

"ஈஸ்டருக்கு" என்பாள் லோர்னா. தினமும் அதே பதில்.

மெர்ல் நவம்பர் தொடக்கத்திலேயே ஊற்றித் தருவதாகத்தான் சொல்லியிருந்தான். நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை ஆரம்பித்தது. அந்த ஊரில் வேட்டை நாளில் செத்தால் புதைக்கவும் ஆள் கிடைக்காது. வேட்டை முடிந்து துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு அவன் வந்தபோது கலவை ஊற்றுகிற பருவம் போயிருந்தது. ஜனவரி வரை அவனுக்கு வேறு வேலைகளும் இருந்தன.

"பயப்படாதீங்க மிஸஸ் சல்மேலா" என்றான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் லோர்னா பரிமாறிச் சாப்பிட்டு வளர்ந்தவன், தலை நரைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிடுவான். "வைக்கோல நல்லா தடிமனாப் போட்டுருங்க. மேல பனி விழட்டும். விழுந்த பனியத் தொடவே தொடாதீங்க. அதுதான் மண்ணுக்குக் கம்பளி. ஜனவரியில நான் வந்து போர்வைய வெலக்கற மாதிரி வெலக்குவேன். அடியில மண்ணு கேக் மாதிரி இருக்கும். ஒரே நாள்ல ஊத்திரலாம்."

அவள் தொடவில்லை. முயல் தடம்கூட அதன் மேல் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கம்பளி பள்ளத்தில் கிடந்தது.

அந்த ஊரில் மன்னிப்பை வாயால் கேட்டு லோர்னா பார்த்ததில்லை. பனியைத் தள்ளுவார்கள். தப்பு செய்தவன், எதிராளி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வண்டியின் முன்னால் தகட்டை மாட்டிக்கொண்டு வந்து முற்றத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஏதோ காரணம் சொல்லி வாசலில் வந்து நிற்பான். எதிராளி காப்பி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், முடிந்தது. தள்ளிய பனியைத் திரும்ப வாரிப் போடுவது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அப்படி யாரும் செய்ததில்லை.

ரோலி செய்த தப்பு, அப்பாவின் ஏரிக்கரை வேட்டைக் குடிசையை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நகரத்துக்காரன் ஒருவனுக்கு விற்றது. அதன் பிறகு வெர்ன் தம்பியின் பெயரைச் சொன்னதில்லை. பக்கவாதம் வந்தபோதுகூட ரோலி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. அவன் சமையலறை ஜன்னல் இந்தச் சரிவைப் பார்த்தபடிதான் இருக்கும்.

திங்கட்கிழமை அவன் வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் கால்மிதியின் மேலேயே நின்றான்.

"நல்லா குளிருது."

"ஆமா. குளிருது."

"இன்னும் எறங்குமாம்."

"சொன்னாங்க."

அவள் காப்பி ஊற்றினாள். அவன் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டான்.

"பனி கெடந்துச்சு. இந்தப் பக்கம் சும்மா வந்தேன்."

"பாத்தேன்."

"வேன் நிறுத்த நல்லா எடம் பண்ணி வச்சிருக்க. நாற்காலியோட அப்பிடியே எறக்கிரலாம். வைக்கோல் வேற கெடந்துச்சு, சறுக்கிரும்னு அதையும் ஒதுக்கிட்டேன். குச்சியெல்லாம் சக்கரத்துல ஏறிரும்னு புடுங்கி வச்சிருக்கேன்."

அது வேன் நிறுத்துற எடமில்லடா மடையா, ஓம் அண்ணன் வந்து படுக்கப் போற எடம். இந்த வாக்கியம் முழுதாக அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. அவனே வண்டியை எடுத்துப்போய் அத்தனை பனியையும் திருப்பித் தள்ளியிருப்பான். மண்ணில் இன்னும் சூடு இருந்தது.

அவன் ஆணியில் தொங்கிய வெர்னின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்... எப்பிடி இருக்கான்?"

ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"வலது கை நல்லா இருக்கு. எடது கைய கொஞ்சம் தூக்கறான்."

"தூக்கறானா. நல்லது."

"நன்றி, ரோலி" என்றாள் லோர்னா. ஏலக்காய் ரொட்டியும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள்.

அவன் போன பிறகு பனி வாரும் தட்டை எடுத்துக்கொண்டு சரிவுக்கு இறங்கினாள். நாலு வாரு வாரிப் போட்டிருப்பாள். நிமிர்ந்தபோது வயலுக்கு அப்பால் அந்த ஜன்னலில் ஆள் நிழல் தெரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ தொலைத்ததைத் தேடுகிறவள் போல இரண்டு சுற்றுச் சுற்றி வீட்டுக்குள் வந்துவிட்டாள். நாளைக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் வானமே செய்தது. பகல் முழுக்கப் பனி கொட்டியது. ஜன்னலருகே நின்று அது சரளையை மூடுவதைப் பார்த்தாள். கோயில் பக்கம் போய் வருடக்கணக்காகிறது, ஆனாலும் கடவுளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். விடிந்ததும் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. இரவு உடையிலேயே வாசலுக்கு ஓடி, கையைத் தூக்கி ஆட்டினாள். நிறுத்து என்றுதான் ஆட்டினாள். ரோலி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். அடிக்கடி சிரிக்கிற ஆள் இல்லை அவன். அன்று சிரித்தான். தகடு சரளையை உரசிக்கொண்டு போன சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது.

பெய்தபோதெல்லாம் வந்தான். அவளும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னாள்.

பிறகு மேகம் விலகியது. அந்த ஊரில் வானம் தெளிவது நல்ல சேதி இல்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தொட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. குளிரில் மரங்கள் வெடிக்கிற சத்தம் கேட்டது. சதுப்பு நிலம் உறைந்து லாரி போக வழியானதும் ரோலி மரம் ஏற்றுகிற வேலைக்கு வடக்கே மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டான். அவன் வண்டி வளைவில் மறைந்த அடுத்த நிமிடம் லோர்னா தட்டோடு இறங்கினாள். இரண்டு நாள் வாரி, தளம் முழுக்கப் பனியை மூடினாள். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். விறைத்த பிணத்துக்குக் கம்பளி போர்த்திய கதை அது. உள்ளே போன குளிரைத்தான் அவள் மூடி வைத்தாள்.

மெர்ல் வந்து பனியை ஓரிடத்தில் விலக்கி, கடப்பாரையை ஓங்கிப் போட்டான். டங் என்றது.

இன்னோர் இடம். டங்.

"சர்ச் மணி மாதிரியில்ல கேக்குது" என்றான். "எவன் வழிச்சது?"

"ரோலி."

மெர்ல் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டான். "அவங்க ரெண்டு பேரும் இப்பப் பேசறாங்களா?"

"இல்ல. பனி தள்றான்."

"ஓ." அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்லலையாக்கும்."

"நீயா இருந்தா சொல்லியிருப்பியாடா?"

மெர்ல் நேர்மையாக யோசித்தான். "இல்ல" என்றான்.

பிறகு ஓடியாடினான், அதைச் சொல்ல வேண்டும். தெற்கே தெரிந்தவனிடம் கெஞ்சி மண் இளக்குகிற எந்திரத்தை இழுத்து வந்தான். சக்கரத்தின் மேல் ஒரு கொதிகலன், அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய். பனியை மறுபடி வழித்துவிட்டு, குழாயைத் தளம் முழுக்கப் பாம்பு போல மடக்கி மடக்கிப் போட்டு, மேலே கனத்த போர்வைகளைப் பரப்பினார்கள். குழாய்க்குள் சூடான திரவம் ஓடியது. போர்வை ஓரத்தில் ஆவி எழும்பியது. எந்திரம் அடுத்த வாரம் இன்னொருவனுக்குப் போக வேண்டும். சுற்று வட்டாரத்தில் இருந்த ஒரே கலவை ஆலையும் அந்த வாரத்தோடு கலவை உறையாமலிருக்க வெந்நீர் காய்ச்சுவதை நிறுத்துகிறது, இனி வசந்தம் வந்துதான் திறப்பார்கள். கிடைத்த நாட்கள் அவ்வளவுதான். லோர்னா வேளை தவறாமல் எந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றினாள். போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். சரளை ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. காய்ச்சல் விடுகிற குழந்தையின் நெற்றி மாதிரி.

"வெள்ளிக்கிழமை ஊத்தறோம்" என்று வெர்னிடம் சொன்னாள்.

"வெள்ளி" என்றான் வெர்ன். கட்டைவிரலைத் தூக்கினான்.

வெள்ளிக்கிழமை கலவை லாரி வந்தது. மெர்லும் அவன் ஆட்களும் முந்தின நாளே ஓரம் தோண்டி, பலகை அடைத்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். வடமேற்கு மூலையில் மட்டும் போர்வை கடைசி நிமிடம் வரை கிடந்தது. ஸ்ப்ரூஸ் மரங்களின் நிழல் விழுகிற மூலை. ஏரிக்காற்று நேராக அடிக்கிற மூலை. குழாய் சுற்றி வந்து சூடு தணிந்து முடிகிற இடமும் அதுதான். வீட்டின் வரைபடத்தில் அங்கே வெர்னின் படுக்கையறை.

மெர்ல் போர்வையை விலக்கினான். கடப்பாரை ஒரு சாண் இறங்கியது. பிறகு டங்.

இன்னும் ஓர் எட்டுத் தள்ளிக் குத்தினான். மறுபடி குத்தினான். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

லாரி ஓட்டி வந்த பெண் ஜன்னலை இறக்கினாள். பின்னால் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. "கண்ணுங்களா, உள்ள இருக்கறது காப்பி இல்ல, ஆறிப்போனா திரும்பச் சுட வைக்க. ஊத்தறீங்களா, பஜனை பாடறீங்களா?"

"இரும்மா, இரு" என்றான் மெர்ல். லோர்னாவைத் தனியே கூப்பிட்டான். "முக்கால்வாசி நல்லா இருக்கு. இந்த மூலதான். மேல இளகியிருக்கு, அடியில பாறை."

"இன்னும் ரெண்டு நாள் சூடு காட்டினா?"

"எந்திரம் இருக்காது. ஆலையும் இருக்காது."

"இப்ப ஊத்தினா?"

"இன்னிக்கி அழகா இருக்கும். மட்டம் வச்சுப் பாத்தாலும் தெரியாது. ஒறஞ்ச மண்ணு ஊதிப் போய் நிக்குது மிஸஸ் சல்மேலா. மே மாசம் ஐஸ் கரைஞ்சு எறங்கும். அப்ப தளம் இந்த மூலையில ஒடியும். வீடு ஒரு கால மண்டி போட்ட மாதிரி நிக்கும்."

"ஒடியாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். நான் கல்யாணம் பண்ணும்போதும் அப்பிடித்தான் நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னா ஊத்தறேன். தப்புன்னு தெரிஞ்சேதான் ஊத்துவேன். சொல்லுங்க."

லோர்னா அவன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினாள். அவளுக்கு அந்த வேலை பழக்கமில்லை. ஓங்கிக் குத்தினாள். அதிர்வு முழங்கை வரை ஏறியது. இன்னொரு முறை குத்தினாள். பூமிக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. அதற்கு அவள் யாரென்றே தெரியாது.

ஊற்றச் சொல்லிவிடலாம். ஈஸ்டருக்கு வெர்ன் வீட்டில் இருப்பான். மே மாதம் கதவு சட்டத்தில் சிக்கும். ஜூனில் தரையில் கீறல் விழும். சாய்ந்த தரையில் சக்கர நாற்காலி தானாக அந்த மூலைக்கு உருளும். பிரேக் போட அவனுக்கு ஒரு கைதான். பிறகு ஒருநாள் அதே பெண் அளவு நாடாவோடு வருவாள். திரும்பவும் அவனை எடுத்துப் போவார்கள். வீட்டைக் காட்டிக் காட்டிப் பறிப்பது இன்னும் கேவலம். இன்னொரு வீடு கட்ட அவர்களிடம் வயது மிச்சம் இல்லை.

"திருப்பி அனுப்பு" என்றாள்.

மெர்ல் லாரியைப் பார்த்துக் கையை விசிறினான். வண்டி பின்னுக்குப் போய்த் திரும்பியது. உருளை சுற்றியபடியே பாதையில் ஏறி மறைந்தது. ஆட்கள் பலகைகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் லோர்னாவின் கண்ணில் படாமல் போக வேண்டும் என்ற அவசரம்.

சாயங்காலம் அவள் பராமரிப்பு இல்லத்துக்குப் போனபோது வெர்ன் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள்.

"ஊத்தி... யாச்சா?"

"இல்ல. மண்ணு ஒறஞ்சு போச்சு."

"வைக்கோல்?"

"வழிச்சாச்சு. பனியையும் வழிச்சாச்சு."

"எவன்?"

வரும் வழியெல்லாம் அவள் ஒரே ஒரு ஆசையோடுதான் வந்தாள். வெர்ன் ஒருமுறை நன்றாகத் திட்ட வேண்டும். பக்கவாதம் அவன் பேச்சில் பாதியைத் தின்றிருந்தது, கெட்ட வார்த்தைகளைத் தொடவில்லை. நர்ஸுகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் திட்டுவான், அவளும் சேர்ந்து திட்டுவாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேருமாக ஒரு மூச்சு அழலாம். அவளுக்கு அது போதும்.

"ஒந்தம்பிதான்" என்றாள். "ரோலி."

வெர்னின் முகத்தில் வேலை செய்கிற பாதி நடுங்கியது. கோபம் என்று நினைத்தாள். அருகே குனிந்தாள்.

"ரோலி... வந்தானா?"

"வந்தான்."

"நம்ம... வீட்டுக்கு?"

"பனி விழுந்தப்பல்லாம் வந்தான்."

கண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் சிரிக்கிறான் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"சுத்தமா... தள்ளினானா?"

"தரை தெரிய."

"அவன்... அப்பிடித்தான்" என்றான் வெர்ன். பெருமையோடு சொன்னான்.

"வெர்ன், நான் சொல்றது கேக்குதா? வீடு போச்சு. கோடை வரைக்கும் லாரி வராது. ஈஸ்டருக்கு ஒன்னய அந்தப் பக்கம் மாத்திருவாங்க."

அவன் கையை விசிறினான். ஈயை ஓட்டுவது போல.

"கெடக்கட்டும். அவனக்... கூப்புடு."

நடைபாதைக்கு வந்து, மரம் வெட்டும் முகாமுக்குப் போன் போட்டாள். யாரோ எடுத்து, ரோலி என்று கத்தினார்கள். பின்னால் ரம்பம் ஓடுகிற சத்தம்.

"என்ன லோர்னா? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. நல்லா இருக்கான்."

"அப்பாடா." மூச்சு விட்டான். "அங்க பனி விழுதா? ஞாயித்துக்கெழம வந்து தள்ளிர்றேன். ஆமா, வீடு எப்ப வருது? மேல் வயல்லதான?"

இப்போது சொல்லலாம். நாலே வார்த்தை. எதிரே கண்ணாடிக் கதவு வழியே நெடுநாள் பிரிவு தெரிந்தது. ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் முழங்காலை முறைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் ரோலி இந்த வாசலை மிதிக்கவே மாட்டான். வெட்கத்தில் இன்னும் ஒன்பது வருடம் போகும். வெர்னுக்கு அத்தனை வருடம் இல்லை. கோடையில் எப்படியும் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"தள்ள வேணாம்" என்றாள். "ஞாயித்துக்கெழம இங்க வா. மத்தியானம். அவன் ஒன்னயப் பாக்கணுங்கறான்."

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ரம்பம் அடங்கியது.

"சரி" என்றான். "என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"புகைபோட்ட மீனு. முள்ளில்லாமப் பாத்து வாங்கு."

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். வெர்ன் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு, தம்பி என்ற வார்த்தையை உருட்டி உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். லோர்னா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். கடப்பாரை பிடித்த உள்ளங்கை எரிந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பேசினான், சட்டை பற்றிப் பேசினான், சவரம் செய்துவிடச் சொன்னான்.

வீடு எப்போது என்று அன்று அவன் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.